பேஸ் கேமுக்குக் காசு கொடுத்த பிறகும் டிஎல்சிக்குத் தனியாகக் காசு கேட்பது நியாயமா?

நடுத்திரை

டிஎல்சி என்பது பேஸ் கேமுக்கு (முதலில் வாங்கும் அடிப்படை கேமுக்கு) மேலே தனியாக விற்கும் கூடுதல் பகுதி. அதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. ஒருவர் "பகல் கொள்ளை" என்பார், இன்னொருவர் "பிடிக்கலைன்னா வாங்காதீங்க" என்பார். கொஞ்சம் உள்ளே போய்ப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎல்சி வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பிறகு பார்க்கலாம். அதை வாங்காதவரின் கேம் என்ன ஆனது? அதை முதலில் பாருங்கள்.

2006 ஏப்ரலில் ஆப்லிவியன் கேமுக்காக பெதஸ்டா நிறுவனம் குதிரைக் கவசம் விற்றது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 200 மைக்ரோசாஃப்ட் பாயிண்ட், அதாவது இரண்டரை டாலர். இன்றைக்கும் திட்டு வாங்குகிற டிஎல்சி அது. ஆனால் கவசம் வாங்காதவரின் கேமில் ஒரு குகையோ ஒரு குவெஸ்ட்டோ குறையவில்லை. விலை அதிகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

2012-இல் வந்த அசுராஸ் ராத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் உண்மையான முடிவே தனி டிஎல்சியாக விற்கப்பட்டது. முழு விலை கொடுத்து கேமை வாங்கியவர் கடைசிவரை விளையாடினாலும் கதை முடியாது. குதிரைக் கவசத்தைவிட இதற்குப் பத்து மடங்கு கோபம் வந்திருக்க வேண்டும்.

உங்கள் கருத்து என்ன? உதாரணத்தோடு பேசுங்கள்.

பிக்சல்மறவன்

நல்ல தொடக்கம். ஆனால் தயாரிப்பாளர் பக்கத்தையும் வைக்க வேண்டும். பெரிய கேம்களின் விலை 2005-06 வாக்கில் 60 டாலருக்கு வந்தது. அது 70 ஆனது 2020-இல்தான். இடையில் ஒரு கேமுக்கு வேலை செய்பவர்களின் எண்ணிக்கையும் தயாரிப்புக் காலமும் பல மடங்கு கூடிவிட்டன, பணவீக்கம் வேறு. முகப்பு விலை அசையாமல் நின்றதற்கு டிஎல்சி வருமானமும் ஒரு காரணம். கவசமும் ஸ்கின்னும் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்) வாங்குபவர்கள், வாங்காதவர்களின் விலையையும் சேர்த்துத் தாங்குகிறார்கள்.

இன்னொன்று, டிஎல்சி இல்லாத காலம் பொற்காலம் என்று நினைப்பது தவறு. சண்டை கேம்களில் நான்கு புதுக் கதாபாத்திரம் வேண்டுமென்றால் முழு கேமையும் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. 2009-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 கன்சோலுக்கு வந்தது, அடுத்த ஆண்டே சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 தனி டிஸ்க்காக வந்தது. பழைய டிஸ்க் வைத்திருந்தவர் புது டிஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கோப்புறை

முதல் நாள் டிஎல்சி, அதாவது கேம் வெளிவரும் நாளிலேயே விற்கும் டிஎல்சி பற்றி ஒரு தொழில்நுட்ப விளக்கம் தருகிறேன். இதில் இரண்டு பக்கமும் குழப்பம் இருக்கிறது.

கேம் கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே உள்ளடக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு பிழை திருத்தம் மட்டும்தான். பிறகு கன்சோல் நிறுவனத்தின் சான்றிதழ் சோதனை, டிஸ்க் அச்சடிப்பு, விநியோகம். இந்தக் காலத்தில் ப்ரோகிராமர்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும். மாடல் செய்பவர்கள், லெவல் டிசைனர்கள், எழுத்தாளர்கள் ஆகியோருக்கு இந்த கேமில் வேலை முடிந்திருக்கும். அவர்களை டிஎல்சி பக்கம் திருப்பிவிடுவார்கள். கேம் கடைக்கு வரும் நாளில் டிஎல்சியும் தயாராக இருக்கும். ஆகவே முதல் நாள் டிஎல்சி என்றாலே பேஸ் கேமிலிருந்து வெட்டி எடுத்தது என்று முடிவுகட்ட முடியாது.

டிஸ்க்கிலேயே கோப்பு இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆன்லைனில் எதிராளி டிஎல்சி கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாடல், அசைவு, குரல் எல்லாம் உங்கள் கருவியிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உங்கள் திரையில் அவர் தெரியவே மாட்டார். அதனால் வாங்காதவருக்கும் கோப்பு வந்து சேரும், வாங்கியவருக்கு உரிமச் சாவி மட்டும் திறக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 2012 மார்ச்சில் நடந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாஸ் எஃபெக்ட் 3-இன் ஃப்ரம் ஆஷஸ் முதல் நாள் டிஎல்சி, 10 டாலர். அதில் வரும் கதாபாத்திரத்தின் கோப்புகளில் ஒரு பகுதி டிஸ்க்கில் இருந்தது, மிஷன் தனியாக டவுன்லோடு ஆனது. தயாரிப்பு முறையைப் பார்த்தால் நம்பக்கூடியதுதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் 12 கதாபாத்திரங்கள் டிஸ்க்கிலேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன. வெளிவந்து சில நாட்களில் கோப்பைக் குடைந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கருவியின் ஹார்ட் டிரைவில் இடத்தை மிச்சப்படுத்தவும், வாங்கியவரும் வாங்காதவரும் சேர்ந்து விளையாடவும் இப்படிச் செய்தோம் என்று கேப்காம் விளக்கம் கொடுத்தது. சேர்ந்து விளையாடுவது பற்றிய விளக்கம் தொழில்நுட்ப அளவில் சரியே. ஆனால் அந்தப் பன்னிரண்டும் கேம் அச்சேறும்போதே தயார். அவற்றுக்கான உழைப்பு பேஸ் கேமின் தயாரிப்புக் காலத்திலேயே செலவாகிவிட்டது. சான்றிதழ் இடைவெளி என்ற காரணம் இங்கே பொருந்தாது.

வியூகன்

@நடுத்திரை, உங்கள் அளவுகோல் ஸ்ட்ராட்டஜி கேம்களில் எப்படி உடைகிறது என்று சொல்கிறேன். அங்கே டிஎல்சி வரும்போது கூடவே ஓர் இலவச பேட்ச்சும் (கேமைத் திருத்தும் அப்டேட்) வரும். அந்த பேட்ச் எல்லோருடைய கேமையும் மாற்றிவிடும்.

பாரடாக்ஸ் நிறுவனத்தின் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-க்கு 2015-இல் காமன் சென்ஸ் என்ற டிஎல்சி வந்தது. இலவச பேட்ச் பழைய வரி முறையை எடுத்துவிட்டு, மாகாணங்களுக்கு "டெவலப்மெண்ட்" என்ற எண்ணைக் கொண்டுவந்தது. ஒரு மாகாணத்தில் எத்தனை கட்டடம் கட்டலாம் என்பதும் அந்த எண்ணைப் பொறுத்ததாக ஆனது. அந்த எண்ணைப் புள்ளிகள் செலவழித்து உயர்த்தும் பொத்தான் மட்டும் டிஎல்சிக்குள் போனது. டிஎல்சி வாங்காதவருக்குக் கட்டுப்பாடு வந்து சேர்ந்தது, அதிலிருந்து வெளியேறும் வழி வரவில்லை. நேற்று நன்றாக ஓடிய கேம் இன்று குறையுள்ளதாகிவிட்டது. குதிரைக் கவசமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதே பாரடாக்ஸ் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். மல்டிபிளேயரில் ஹோஸ்ட் செய்பவரிடம் (ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களைச் சேர்ப்பவரிடம்) டிஎல்சி இருந்தால் போதும், சேர்ந்து விளையாடுகிற எல்லோருக்கும் அந்த வசதிகள் திறக்கும். பேட்ச்சும் டிஎல்சியும் பின்னிக்கிடக்கிற கேம்களில் இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. 2021-இல் இந்த கேமின் எல்லா டிஎல்சியையும் மாதம் 5 டாலர் சந்தாவில் தரவும் தொடங்கினார்கள். ஒரு மாதம் மட்டும் ஆழமாக விளையாடிவிட்டு நிறுத்துபவருக்கு அது லாபம். ஆண்டுக்கணக்கில் ஆடுபவர் தள்ளுபடியில் ஒவ்வொன்றாக வாங்குவதே மேல்.

நடுத்திரை

@வியூகன், அளவுகோல் உடையவில்லை, நீங்கள் சொன்னது அதற்குச் சரியான உதாரணம். வாங்காதவரின் கேம் கெட்டுப்போனது, ஆகவே அது அநியாயம்.

இதற்கு நேர்மாறானது சைபர்பங்க் 2077. 2023 செப்டம்பரில் ஃபேண்டம் லிபர்ட்டி என்ற எக்ஸ்பேன்ஷன், அதாவது பெரிய டிஎல்சி, 30 டாலருக்கு வந்தது. ஸ்கில் மரம், போலீஸ் துரத்தல், வண்டியில் இருந்தபடி சண்டை என அடிப்படையையே மாற்றி எழுதிய 2.0 அப்டேட் அதற்குச் சில நாள் முன்பே எல்லா பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் காரர்களுக்கும் இலவசமாகப் போனது. விற்றது புதுப் பகுதியையும் புதுக் கதையையும்தான்.

கறுப்புச்சீட்டு

நண்பரே, அதே ஃபேண்டம் லிபர்ட்டி பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. 2020-இல் அந்த இயந்திரங்களில் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு 2.0-உம் இல்லை, எக்ஸ்பேன்ஷனும் இல்லை. வாங்காதவரை மட்டும் பார்த்தால் போதாது. வாங்க முடியாதவரும் இருக்கிறார்.

வாங்கியவர் பக்கத்துக்கும் வாருங்கள். டெஸ்டினி 2-வில் 2020 நவம்பரில் பியாண்ட் லைட் என்ற எக்ஸ்பேன்ஷன் வந்தபோது, ரெட் வார், கர்ஸ் ஆஃப் ஒசைரிஸ், வார்மைண்ட் ஆகிய கதைப் பகுதிகளை கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் ஃபர்சேக்கன் கதையும் போனது. கேமின் அளவு பெருத்துவிட்டது, பழைய பகுதிகளைப் பராமரிக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய கதையை வாங்கியவரால் இன்று திறக்க முடியவில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

2022-இல் யூபிசாஃப்ட் சில பழைய கேம்களின் ஆன்லைன் சேவையை நிறுத்துவதாக அறிவித்தபோதும் இதே கதைதான். கேம் ஓடும், ஆனால் டிஎல்சியைப் புதிதாக நிறுவ முடியாது என்று சொன்னார்கள். டிஎல்சியின் உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வர் போனால் டிஎல்சியும் போகும். விலைப்பட்டியலில் இது எழுதப்பட்டிருக்காது.

கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று எழுதக் கூடாது. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வது சொல்லாமல் எடுத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம்சுற்று

சண்டை கேம் ஆடுபவர்கள் சார்பில் ஒன்று. @பிக்சல்மறவன் சொன்னது உண்மை, பழைய முறையைவிட இது மேல். ஆனால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது.

டிஎல்சி கதாபாத்திரத்தை நான் ஆடப்போவதில்லை என்று வாங்காமல் விடலாம். ஆனால் தரவரிசைக்காக ஆடும் ராங்க்டு மேட்ச்சில் அந்தக் கதாபாத்திரம் எதிரில் வந்து நிற்பார். அவருடைய ஓர் அடி தடுக்கப்பட்ட பிறகு யாருக்கு முதலில் கை நகரும், எத்தனை ஃப்ரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) இடைவெளி, அதற்குள் என்ன திருப்பி அடிக்கலாம் என்பதைப் பயிற்சி அறையில்தான் கற்க முடியும். பயிற்சி அறையில் எதிராளியாக அவரை நிறுத்தி, ஓர் அடியைப் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழக வேண்டும். அவரை வாங்காவிட்டால் பெரும்பாலான கேம்களில் அது முடியாது. ஆக, நான் ஆடாத கதாபாத்திரத்துக்கும் தோற்காமல் இருப்பதற்காகக் காசு கட்டுகிறேன்.

டெக்கன் 7 இன்னும் ஒரு படி போனது. 2019-இல் ஃப்ரேம் விவரத்தைத் திரையில் காட்டும் வசதியையே தனி டிஎல்சியாக விற்றார்கள். கற்றுக்கொள்ளும் கருவிக்கு விலை வைப்பது இந்த வகை கேமின் அடிமடியிலேயே கைவைப்பது.

தீர்வு கஷ்டமானதல்ல. எல்லாக் கதாபாத்திரத்தையும் பயிற்சி அறையில் மட்டும் இலவசமாகத் திறந்துவிடலாம். கோப்புறை சொன்னது போல, கோப்பு எப்படியும் என் கருவியில் இருக்கிறது.

பிக்சல்மறவன்

@மூன்றாம்சுற்று, இந்தக் கோணத்தை ஏற்கிறேன். பயிற்சி அறைக்கு விலை வைக்கக் கூடாது.

மல்டிபிளேயரில் நீண்ட நாள் நடந்த இன்னொரு தவறு மேப் பேக், அதாவது புது ஆடுகளங்களின் தொகுப்பு. கால் ஆஃப் டியூட்டியில் பல ஆண்டுகள் நான்கு மேப் 15 டாலர் என்று விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரு வரிசை, வாங்காதவர்கள் ஒரு வரிசை எனப் பிரிந்து, சில மாதங்களில் புது மேப் வரிசையில் ஆள் கிடைக்காது. காசு கொடுத்தவர் காத்திருப்பார், கொடுக்காதவருக்கு நண்பர்களோடு சேர முடியாது. 2016-இல் டைட்டன்ஃபால் 2 மேப்களை இலவசமாக்கியது. 2019-இன் மாடர்ன் வார்ஃபேரில் கால் ஆஃப் டியூட்டியும் மேப் பேக்கைக் கைவிட்டது. ஈடாக பேட்டில் பாஸும் (காசு கட்டினால் ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் முறை) ஸ்கின்னும் வந்தன. வாங்காதவரின் மேப்பும் ஆளும் குறையாததால் அதை நல்ல மாற்றம் என்கிறேன்.

கறுப்புச்சீட்டு

ஸ்கின்னோடு நின்றால் சரி, நிற்பதில்லையே. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 நினைவிருக்கிறதா? டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் காசு). அதை விளையாடிச் சேர்க்கப் பல பத்து மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே காசு கொடுத்தால் லூட் பாக்ஸ் (உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டி), அதற்குள் சண்டையில் வலு கூட்டும் அட்டைகள். எதிர்ப்பு வெடித்ததும் ஹீரோக்களின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், வெளியீட்டுக்குச் சற்று முன் காசு வாங்கும் பொத்தானையே அணைத்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், சிஎஸ்:ஜிஓ ஆகியவற்றில் இருந்த லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது.

டிஎல்சியையும் லூட் பாக்ஸையும் ஒரே கூடையில் போட வேண்டாம் என்பீர்கள், சரி. டிஎல்சியில் என்ன வருகிறது என்று தெரிந்து வாங்குகிறோம். அந்த ஒரு வேறுபாடு பெரியது.

வியூகன்

என்ன வருகிறது என்று தெரிந்து வாங்குவது என்றால், வரப்போகும் டிஎல்சிகளைச் சேர்த்து முன்கூட்டியே விற்கும் சீசன் பாஸுக்கு அது பொருந்தாது. இன்னும் செய்யாத பொருளுக்கு முன்பணம் அது. அட்டையில் "மூன்று எக்ஸ்பேன்ஷன்" என்று மட்டும் இருக்கும், எப்போது, எவ்வளவு பெரியது என்று இருக்காது.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 அதற்கு நல்ல பாடம். 2023 அக்டோபரில் கேம் வேகக் குறைபாடுகளோடு வந்தது. அவை தீராத நிலையில் 2024 மார்ச்சில் பீச் ப்ராப்பர்ட்டீஸ் என்று 10 டாலர் டிஎல்சி. கடற்கரை வீடுகளும் மரங்களும் இருந்தன, கடற்கரை போடும் வசதி இல்லை. வந்த எதிர்ப்பில் அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி, அதை இலவசமாக்கினார்கள். அதற்கும் முன்னால் ஆர்க்: 2016 செப்டம்பரில், பேஸ் கேம் இன்னும் எர்லி ஆக்சஸில் (முடிக்கும் முன்பே விற்கும் நிலையில்) கிடக்கும்போதே ஸ்கார்ச்டு எர்த் எக்ஸ்பேன்ஷனை 20 டாலருக்கு விற்றார்கள். முடிக்காத வேலைக்கு மேல் அடுத்த வேலையை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2024 நவம்பரில் ஸ்டீம் இதற்கு விதி போட்டது. சீசன் பாஸ் விற்றால் உள்ளே வரும் ஒவ்வொரு டிஎல்சியையும், எந்தக் காலாண்டில் வரும் என்பதையும் எழுத வேண்டும். ரத்தானால் பணத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இப்படி எழுதத் தயாராக இல்லாதவர் சீசன் பாஸ் விற்கவே கூடாது.

இரவல்கை

எல்லாம் படித்தேன். நடைமுறையில் ஒரு டிஎல்சி வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? தி விட்சர் 3 போல 16 சின்ன டிஎல்சியை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைனுக்கு மட்டும் காசு கேட்கிற ஆட்கள் எல்லா இடத்திலும் இல்லையே.

கோப்புறை

@இரவல்கை, வரிசையாகச் சொல்கிறேன்.

கடைப் பக்கத்தில் டிஎல்சிக்கென்று தனி விமர்சனப் பகுதி இருக்கும். பேஸ் கேமின் "மிகவும் நல்லது" என்ற மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேம் வெளிவந்த முதல் வார விமர்சனங்களையும் முழுதாக நம்ப முடியாது. டெக்கன் 8 வந்து ஒரு மாதம் கழித்துத்தான் காசுக்கு உடை விற்கும் கடையை உள்ளே திறந்தார்கள்.

உங்கள் சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 40 டாலர். ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளை வீழ்த்தாமல் உள்ளே போகவே முடியாது. மோக் இருக்கும் இடம் கதைப் பாதையில் வராது, தேடிப்போக வேண்டும். வாங்கிய இரவே விளையாடலாம் என்று நினைத்தவர்கள் வாசலில் நிற்க நேர்ந்தது.

ஸ்டீமில் தொகுப்பு வாங்கும்போது "பண்டில்" என்று இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதன் விலையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் காசு. "பேக்கேஜ்" என்று இருந்தால் கழிவு கிடையாது, பேஸ் கேமுக்கு இரண்டாம் முறை கட்டுவீர்கள். கம்ப்ளீட் எடிஷன் என்ற பெயர் இரண்டுக்கும் இருக்கும், ஆகவே கூட்டுத்தொகையைப் பணம் கட்டும் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள்.

பிளேஸ்டேஷனில் டிஸ்க் வைத்திருந்தால், டிஸ்க்கின் ரீஜனும் நீங்கள் டிஎல்சி வாங்கும் அக்கவுண்டின் ரீஜனும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுன்லோடு ஆகும், கேம் அதை அடையாளம் காணாது. டிஎல்சி வேலை செய்யவில்லை என்ற புகார்களில் நிறைய இதுதான்.

ரீஃபண்ட்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு பேஸ் கேமை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், டிஎல்சியைப் பயன்படுத்தித் தீர்த்திருக்காவிட்டால் கிடைக்கும். இங்கே கவனம், கணக்கு ஓடுவது பேஸ் கேமின் நேரத்தை வைத்து. டிஎல்சி வாங்கிவிட்டுப் பழைய பகுதியிலேயே மூன்று மணி நேரம் சுற்றினாலும் வாய்ப்பு போய்விடும். பிளேஸ்டேஷனில் டவுன்லோடு தொடங்கினாலே பொதுவாக ரீஃபண்ட் இல்லை, அதனால் தானியங்கி டவுன்லோடை அணைத்துவிட்டு வாங்குங்கள். ஜிஓஜி என்ற இணையக் கடையில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். ஆஃப்லைன் இன்ஸ்டாலரும் (இணையம் இல்லாமல் நிறுவும் கோப்பு) கிடைப்பதால் கறுப்புச்சீட்டு சொன்ன சர்வர் பயம் அங்கே குறைவு.

கடைசியாக, ரீஃபண்ட் கேட்கும் எண்ணம் இருந்தால் டிஎல்சி போடுவதற்கு முன் சேவ் கோப்பை வேறு ஃபோல்டருக்குப் பிரதி எடுங்கள். டிஎல்சி பொருளோடு சேவ் செய்துவிட்டு, பிறகு டிஎல்சியை எடுத்தால் பல ஆர்பிஜிகளில் (கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் கேம்களில்) அந்த சேவ் திறக்காது, அல்லது பொருட்கள் மறைந்துபோகும்.

இரவல்கை

நன்றி சகோ, பண்டிலுக்கும் பேக்கேஜுக்கும் வேறுபாடு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. சீசன் பாஸ் ஒன்று பாதி விலையில் கிடக்கிறது. இரண்டு டிஎல்சி வந்துவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி. எடுக்கலாமா?

வியூகன்

வந்துவிட்ட இரண்டையும் தனித்தனியாகத் தள்ளுபடியில் கூட்டிப் பாருங்கள். பாஸின் விலை அந்தக் கூட்டுத்தொகைக்குச் சமமாகவோ கீழேயோ இருந்தால் எடுங்கள், பாக்கி இரண்டும் இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போனால் வராத பொருளுக்குக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம், எடுக்காதீர்கள். நான்காவதும் வந்த பிறகு இதைவிடக் குறைவான விலையில் முழுத் தொகுப்பாக வருவதே வழக்கம்.

நடுத்திரை

அதோடு, வந்த இரண்டு டிஎல்சியோடும் என்ன பேட்ச் வந்தது என்று அப்டேட் குறிப்பைப் படித்துப் பாருங்கள். வாங்காதவர்களுக்கும் திருத்தங்களும் வசதிகளும் ஒழுங்காகப் போயிருந்தால், பாக்கி இரண்டுக்குக் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. கேமின் பெயரைச் சொல்லுங்கள், குறிப்பை நாங்களும் பார்க்கிறோம்.